வங்கி ஏலத்தில் வீடு எடுக்கலாமா? முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை, மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, ஒரு மகள், மாதம் 9,000 ரூபாய் வாடகையில் குடியிருப்பு. 15 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோவைப் புறநகரில் 1,200 சதுர அடி மனையில் கீழும் மேலுமாகக் கட்டிய வீடு ஒன்று, வங்கியின் இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. ரிசர்வ் விலை, அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை, 38 லட்சம், இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை 3.80 லட்சம், ஏலத்துக்கு இன்னும் மூன்று வாரம். அக்கம்பக்கத்தில் இதே மாதிரி வீடு 60 லட்சம் என்கிறார்களாம். மேல் மாடியில் கடன் வாங்கியவர் குடும்பத்தோடு இருக்கிறார். கீழே 5 லட்சம் ஒத்திக்கு ஒரு குடும்பம். ஏல அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்' என்று போட்டிருக்கிறது. இதற்கிடையில் ஒரு புரோக்கர், '50,000 கொடுங்க, வேற யாரும் ஏலம் கேக்காம பாத்துக்கறேன்' என்கிறார். கடன் வாங்கியவரின் தங்கை ஏதோ கேஸ் போட்டிருப்பதாகத் தெருவில் பேச்சு.

இனி அவர் வார்த்தைகளிலேயே: "வங்கியே விற்கிறதால பத்திரமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும்னு நம்பறேன் மேடம். ஏலத்துல ஜெயிச்ச பிறகு ஹோம் லோன் போட்டுக்கலாம், இ.எம்.டி.க்கு மட்டும் மனைவி நகையை அடகு வைக்கலாம்னு இருக்கேன். அவங்களுக்கு அரை மனசுதான். ஒருவேளை கடைசி நேரத்துல கடன்காரர் பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுட்டா என் பணம் என்னாகும்? அம்மா வேற, அடுத்தவங்க வயித்தெரிச்சல் உள்ள வீடு நமக்கு வேண்டாம்னு சொல்றாங்க. எடுக்கலாமா, வேண்டாமா?"

வணக்கம். உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. இரண்டு பேர் சம்பளத்தில் 15 லட்சம் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம். இணைய ஏலத்தில் சொத்து வாங்குவது நேர்மையான, சட்டப்படியான வழி, நல்ல வீடு கிடைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் நம்பிக்கைகளில் மூன்று தவறு. அதில் ஒன்று உங்கள் சேமிப்பில் பெரும்பகுதியை ஒரே மாதத்தில் கொண்டுபோய்விடும்.

முதலில் இந்த ஏலம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடனோ தொழில் கடனோ 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் வாராக்கடன் ஆகிறது. அப்புறம் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் பிரிவு 13(2)-ன் கீழ் வங்கி ஒரு நோட்டீஸ் அனுப்பி, முழுப் பாக்கியையும் கட்ட 60 நாள் கொடுக்கும். கட்டவில்லை என்றால் பிரிவு 13(4)-ன் கீழ் சொத்தைத் தன் வசம் எடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலேயே விற்கலாம். அந்த விற்பனைதான் நீங்கள் திரையில் பார்ப்பது. பொதுத்துறை வங்கிகளின் சொத்துகள் இப்போது பெரும்பாலும் 'பாங்க்நெட்' தளத்தில் வருகின்றன. 2025 ஜனவரியில் நிதி அமைச்சகம் புதுப்பித்துத் திறந்து வைத்த தளம் அது. பதிவு செய்து, ஆதார், பான் கொடுத்து, இ.எம்.டி.யைக் கட்டிவிட்டால் யாரும் ஏலம் கேட்கலாம். கேட்பது அவ்வளவு சுலபம் என்பதாலேயே, அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பலர் பார்ப்பதில்லை.

'சிம்பாலிக் பொசஷன்' என்ற அந்த ஒரு வரி

அறிவிப்பிலேயே உங்களுக்கு மிக முக்கியமான தகவல் இதுதான், நீங்களோ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வங்கி சுவாதீனம் (பொசஷன்) எடுப்பதில் இரண்டு வகை. வீட்டைக் காலி செய்து, பூட்டி, சாவியைக் கையில் வைத்திருந்தால் அது நேரடி சுவாதீனம். சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, வீடு காகிதத்தில் மட்டும் வங்கி வசம் இருந்தால் அது சிம்பாலிக். உங்கள் விஷயத்தில் இரண்டாவது. அதாவது நீங்கள் முழுப் பணத்தையும் கட்டி விற்பனைச் சான்றிதழ் வாங்கிய நாளிலும், மாடியில் அவர்களும் கீழே ஒத்திக்காரரும் அப்படியேதான் இருப்பார்கள்.

அவர்களை வெளியேற்ற வழி இல்லையா என்றால், இருக்கிறது. பிரிவு 14-ன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி மனுப் போட்டு, போலீஸ் உதவியோடு சுவாதீனம் எடுக்கலாம். விற்ற பிறகும் வங்கி இந்த மனுவைப் போடலாம் என்று 2018-ல் ஒரு ஹோட்டல் சொத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உத்தரவை 30 நாளில், காரணம் எழுதிப் பதிவு செய்தால் மொத்தம் 60 நாளில் தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. நடைமுறையில் மனு எண் ஆவது, உத்தரவு வருவது, போலீஸ் பாதுகாப்புக்குத் தேதி கிடைப்பது, நடுவில் யாராவது தடை வாங்குவது எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும், சில நேரம் வருடக்கணக்கில். அந்தக் காலம் முழுக்க நீங்கள் தவணையும் கட்டுவீர்கள், வாடகையும் கட்டுவீர்கள்.

அதனால் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியை நேரில் பாருங்கள். பெயரும் போன் நம்பரும் அறிவிப்பிலேயே இருக்கும். பிரிவு 14 மனு போட்டாகிவிட்டதா, எண் என்ன, உத்தரவு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். உத்தரவு கையில் இருக்கும் வீடும், மனுவே போடாத வீடும் ஒரே விலைக்கு வந்தாலும் இரண்டும் ஒன்று கிடையாது. 'வித்த பிறகு பாத்துக்கலாம் சார்' என்று வாயால் சொன்னால் அதை மனுப் போடாத வீடாகவே கணக்கில் வையுங்கள்.

கீழே இருக்கும் ஒத்திக்காரரைப் பற்றி. ஒத்தியோ, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையோ பத்திரப்பதிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அது வில்லங்கச் சான்றிதழில் வராது. வங்கிக்கு அடமானம் வைத்த பிறகு, வங்கிக்குத் தெரியாமல் கொடுத்த ஒத்தியாக இருந்தால் வங்கியின் உரிமைக்கு முன் அது நிற்பது கடினம். அடமானத்துக்கு முன்பே முறையாகப் பதிவான குத்தகை என்றால் கதையே வேறு. 2016 திருத்தத்துக்குப் பிறகு வாடகைதாரரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டி.ஆர்.டி.க்குப் போகலாம். எனவே அந்தக் குடும்பம் எப்போது வந்தது, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதை சொத்தைப் பார்வையிடும் நாளில் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 5 லட்சத்தைப் பறிகொடுக்கப் போகிறோமோ என்ற பயத்தில் இருப்பவர்கள் அவர்கள், அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

பணம் எந்தெந்த நாளில் போகும்

'ஜெயிச்ச பிறகு லோன் போட்டுக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சேமிப்பைக் கொண்டுபோகும் தவறு என்று நான் சொன்னது இதைத்தான்.

நீங்கள் 40 லட்சத்துக்கு ஏலம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அன்றைக்கே, அல்லது தாமதமானால் அடுத்த வேலை நாளுக்குள், விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். அது 10 லட்சம். இ.எம்.டி. 3.80 லட்சம் அதில் கழியும், மீதி 6.20 லட்சத்தை ஒரே நாளில் அனுப்ப வேண்டும். விற்பனை உறுதியான 15-வது நாளுக்குள் மீதி 30 லட்சம். கூடுதல் அவகாசம் எழுத்துப்பூர்வமாக வாங்கலாம், அதுவும் அதிகபட்சம் மூன்று மாதம்தான், தருவதும் தராததும் வங்கியின் விருப்பம். கட்டத் தவறினால் அந்த 10 லட்சமும் பறிமுதல், சொத்து மறு ஏலத்துக்குப் போய்விடும். நியாயமா என்று கோர்ட்டில் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், மீதித் தொகையைக் கெடுவுக்குள் கட்டாதவரின் 25 சதவீதத்தை, மூன்று கோடிக்கும் மேலான தொகையை, சென்ட்ரல் பேங்க் முழுவதுமாகப் பறிமுதல் செய்தது சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வங்கிக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடவில்லை.

இப்போது லோன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரை வங்கிகள் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு. கணக்குப்படி உங்களுக்குப் போதும். ஆனால் கடன் கொடுக்கிற வங்கி அசல் பத்திரத்தைப் பார்க்கக் கேட்கும், அது விற்கிற வங்கியிடம் இருக்கும். இன்ஜினியரை வீட்டுக்குள் அனுப்பி மதிப்பிடச் சொல்லும், உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்க வேண்டுமே. சுவாதீனம் சிம்பாலிக் என்றதும் பல வங்கிகள் பின்வாங்கிவிடும். 15 நாளில் இதெல்லாம் முடியும் என்று நம்பி 10 லட்சத்தைக் கட்டாதீர்கள். விற்கிற வங்கியிடமே கடன் கேட்டுப் பாருங்கள், ஆவணம் அவர்களிடமே இருப்பதால் வேலை வேகமாக நடக்கும். எப்படியானாலும் இந்தச் சொத்தின் பேரிலேயே அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் இ.எம்.டி. கட்ட வேண்டும். 'உங்க சம்பளத்துக்கு 30 லட்சம் வரும்' என்ற பொதுவான கடிதம் இதற்கு உதவாது.

நகையைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். 15 லட்சம் சேமிப்பு இருக்கும்போது 3.80 லட்சத்துக்கு நகையை அடகு வைக்கத் தோன்றுகிறது என்றால், பட்ஜெட் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். அது எங்கே இடிக்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் மனைவியின் அரை மனசை பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஏனென்றால் கடனில் பாதியை அவரும்தான் கட்டப் போகிறார்.

60 லட்சம் வீடு 40 லட்சத்துக்கா?

60 என்பது விற்பவர்கள் வாயில் வரும் விலை. அந்தத் தெருவில் கடைசியாகக் கைமாறிய வீடு எவ்வளவுக்குப் போனது என்று நாலு பேரிடம் விசாரித்தால் 54, 55 என்று வரலாம். 54 என்றே வைத்து ஒரு கணக்குப் போடுவோம். தோராயம்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏல விலை 40. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 மார்ச் இறுதியிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வங்கி ஏலத்தின் விற்பனைச் சான்றிதழைச் சார்பதிவாளர் கோப்பில் சேர்ப்பதற்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்பதில் உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன, வாங்குபவருக்குச் சாதகமான தீர்ப்புகளும் உண்டு. ஆனாலும் பட்ஜெட்டில் 9 சதவீதத்தையும் ஒதுக்கி வையுங்கள், அது 3.60 லட்சம். குறைந்தால் லாபம். பராமரிப்பே இல்லாத வீட்டை ஒழுங்கு செய்ய 3 லட்சம். சொத்து வரி, தண்ணீர் வரி, கரண்ட் பில் பாக்கி எல்லாம் சேர்த்து 1 லட்சம். வீடு கைக்கு வர ஒரு வருடம் ஆனால் 30 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் வட்டி 2.70 லட்சம், நீங்கள் தொடர்ந்து கட்டும் வாடகை 1.08 லட்சம், வழக்குச் செலவு ஒரு லட்சம். கூட்டினால் 52.38 லட்சம். இரண்டு வருடம் இழுத்தால் 56-ஐத் தாண்டிவிடும். 20 லட்சம் மிச்சம் என்று நினைத்த இடத்தில் இதுதான் நிற்கிறது.

கரண்ட் பாக்கியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின் வாரியம் விதிப்படி கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏல அறிவிப்பில் 'உள்ளது உள்ளபடியே' என்று ஒரு வாசகம் இருக்கும், பாருங்கள். பாக்கி, பழுது, அளவு வித்தியாசம் எல்லாவற்றையும் வாங்குபவர் தலையில் வைக்கும் வாசகம் அது. மின் இணைப்பு எண்ணை வைத்துப் பாக்கியை முன்கூட்டியே பார்த்துவிடலாம், மாநகராட்சியில் சொத்து வரி பாக்கியையும் அப்படித்தான். ஒரு நாள் அலைச்சல், அவ்வளவே.

வங்கி பார்த்திருக்கிறது என்பது போதாது

வங்கி பத்திரத்தைப் பார்த்தது உண்மை. ஆனால் எப்போது பார்த்தது? கடன் கொடுத்த அன்றைக்கு, தன் கடனுக்கு இது பாதுகாப்பா என்ற கோணத்தில். நீங்கள் பார்க்க வேண்டியது இன்றைய நிலவரத்தை. உரிமையில் குறை இருந்தால் வங்கி பொறுப்பேற்காது என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருக்கும்.

பதிவுத்துறையின் தளத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பட்டா யார் பெயரில், சர்வே எண் பொருந்துகிறதா, புலப்பட அளவு சரியா, மாடிக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். தாய்ப்பத்திர நகல்களை வங்கியிடம் கேட்டு வாங்கி ஒரு உள்ளூர் வக்கீலிடம் கருத்துக் கேளுங்கள். அடமானங்கள் பதிவாகும் செர்சாய் தளத்தில் இந்தச் சொத்தின் பேரில் வேறு வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் சிறு கட்டணத்தில் தேடலாம்.

அப்புறம் அந்தத் தங்கை. தெருப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள், என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் இது. அந்த மனை கடன் வாங்கியவருக்கு அப்பா வழியில் வந்ததா, சுயமாக வாங்கியதா? அப்பா உயில் எழுதாமல் இறந்து, மகன் மட்டும் அடமானம் வைத்திருந்தால் மகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். சர்ஃபேசி நடவடிக்கையில் சிவில் கோர்ட் தலையிட முடியாது என்று பிரிவு 34 சொல்வதை வைத்து, எந்தப் பாகவழக்கும் நிற்காது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். 2025 ஜனவரியில் பிரபா ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அடமானம் வைத்தவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா என்று மூன்றாவது நபர் கேட்கும் வழக்கைச் சிவில் கோர்ட் விசாரிக்கலாம் என்றது. அதனால் இ-கோர்ட்ஸ் தளத்தில் கோவை நீதிமன்றங்களில் கடன் வாங்கியவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். டி.ஆர்.டி. தளத்திலும் பெயர் வைத்துத் தேடலாம், கோவையிலேயே ஒரு டி.ஆர்.டி. இருக்கிறது. பாகவழக்கு நிலுவையில் இருப்பது உறுதியானால் என் பதில் ஒரே வரிதான்: இந்த வீட்டை விட்டுவிடுங்கள். முதல் வீடு வாங்கும் குடும்பம் சுமக்கக்கூடிய வழக்கு இது இல்லை.

கடைசி நேரத்தில் அவர் பணம் கட்டிவிட்டால்?

பயந்த அளவுக்கு இல்லை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் கடன் வாங்கியவருக்குச் சொத்தை மீட்கும் உரிமை. 2023 செப்டம்பரில் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில், ஏலம் முடிந்த பிறகு கடன்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு வங்கி வீட்டைத் திருப்பிக் கொடுக்க முயன்றதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, சொத்து ஏலம் எடுத்தவருக்கே போனது. ஆனால் ஏலம் நடப்பதற்கு முன்பே வங்கி அதை நிறுத்திவிடலாம், அப்போது உங்கள் இ.எம்.டி. வட்டியில்லாமல் திரும்பி வரும்.

உண்மையான ஆபத்து வேறு பக்கத்தில். வங்கி நடைமுறையில் தப்புச் செய்திருந்தால் கடன் வாங்கியவர் 45 நாளுக்குள் பிரிவு 17-ன் கீழ் டி.ஆர்.டி.க்குப் போகலாம், ஏலம் முடிந்த பிறகும் போகலாம். 60 நாள் நோட்டீஸ் ஒழுங்காகச் சேர்ந்ததா, சுவாதீன அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழில், வந்ததா, விற்பனைக்கு முன் 30 நாள் நோட்டீஸ் கொடுத்தார்களா என்பதையெல்லாம் அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். குறை இருந்தால் ஏலமே ரத்தாகலாம். பணம் திரும்பி வரும், ஆனால் எப்போது, எவ்வளவு வட்டியோடு என்பது உத்தரவைப் பொறுத்தது. எனவே இந்த நோட்டீஸ்களின் தேதிகளை அதிகாரியிடம் கேட்டு வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள். ஏலம் உங்களுக்கு முடிந்தால் மறுநாளே டி.ஆர்.டி.யில் கேவியட் எனும் முன்னெச்சரிக்கை மனுவைப் போட்டு வையுங்கள். பிரிவு 18சி-யில் அதற்கு இடம் இருக்கிறது, 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வருவதைத் தவிர்க்க உதவும்.

புரோக்கர், ஏல நாள்

அந்த 50,000-ஐக் கொடுக்காதீர்கள். தளத்தில் யார் ஏலம் கேட்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் 'யாரும் கேக்காம' பார்த்துக்கொள்ள அவரால் முடியாது. முடிந்தால் அது கூட்டுச் சதி, ஏலத்தை ரத்து செய்யக் காரணமாகிவிடும். இ.எம்.டி. உட்பட எந்தப் பணமும் தளத்தில் காட்டும் வழியிலோ அறிவிப்பில் உள்ள வங்கிக் கணக்கிலோ மட்டும் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், வங்கி ஏலத் தளங்களைப் போலவே இருக்கும் போலித் தளங்கள் உண்டு. ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

ஏல நாளன்று கைபேசியை நம்பாமல் கம்ப்யூட்டரில் உட்காருங்கள், இன்னொரு இணைய இணைப்பும் தயாராக இருக்கட்டும். கடைசி சில நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும், எத்தனை நிமிடம் என்று அறிவிப்பில் இருக்கும். நீங்கள் ஒருவர்தான் என்றாலும் ரிசர்வ் விலைக்கு மேல் ஒரு படியாவது ஏற்றிக் கேட்க வேண்டியிருக்கும். கேட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது, ஒரு சைபர் கூடிப்போனாலும் அது உங்கள் விலைதான். உச்ச விலையை முதல் நாளே இரண்டு பேரும் சேர்ந்து எழுதி வைத்துவிடுங்கள், அதைத் தாண்டியதும் மனைவி லேப்டாப்பை மூடட்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் விலையில் ஒரு சதவீதத்தை டி.டி.எஸ்., அதாவது வருமான வரிப் பிடித்தமாகப் பிடித்துக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருடையது, உங்களுக்கு அது வராது என்று நினைக்கிறேன்.

ஜெயித்து முழுப் பணமும் கட்டிய பிறகு: விற்பனைச் சான்றிதழ், அசல் பத்திரங்கள் பட்டியலோடு, பழைய அடமானத்தை ரத்து செய்யும் பதிவான ரசீது. இந்த மூன்றும் இல்லாமல் வங்கியை விட்டு வராதீர்கள். மூன்றாவதை விட்டுவிட்டு, பின்னால் வீட்டை விற்கும்போது வில்லங்கத்தில் பழைய அடமானம் நிற்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

அம்மா சொன்னது

அம்மாவின் தயக்கத்தை நான் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். ஒரு குடும்பம் வீட்டை இழக்கிறது, அது நிஜமான வலி. ஆனால் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். விற்ற பணம் முழுக்க வங்கிக்குப் போவதில்லை. கடனும் வட்டியும் செலவும் போக மீதி இருந்தால் பிரிவு 13(7)-ன்படி அது உரியவருக்கு, வேறு உரிமை கோருபவர் இல்லாவிட்டால் அந்தக் கடன் வாங்கியவருக்கே, போய்ச் சேர வேண்டும். பணம் போதாமல் போனால் மீதிக் கடன் அவர் தலையிலேயே நிற்கும், வங்கி துரத்தும். அதாவது ஏலத்தில் நியாயமான விலை வருவது அந்தக் குடும்பத்துக்குத்தான் நல்லது. மறு ஏலம், மறு ஏலம் என்று விலை இறங்கிக்கொண்டே போவதுதான் அவர்களுக்குக் கெடுதல்.

அவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆள் வைத்து மிரட்டுவது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது, பூட்டை உடைப்பது எதுவும் கூடாது, அது கிரிமினல் வழக்காகத் திரும்பும். அதைவிட, வீடு மாறும் செலவுக்கும் புது வாடகை அட்வான்ஸுக்கும் ஒரு தொகை தருவதாக வங்கி அதிகாரி முன்னிலையில் எழுதிக்கொண்டு, சாவி கைக்கு வரும்போது கொடுத்தால் பல நேரம் ஒரு வருட வழக்கு ஒரு மாதத்தில் முடிகிறது. சட்டப்படி நீங்கள் தர வேண்டியதில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒரு வருட வட்டியும் வாடகையும் கிட்டத்தட்ட 3.80 லட்சம், அதில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுப்பதில் உங்களுக்கும் நஷ்டமில்லை. அம்மாவுக்கும் மனசு ஆறும்.

எடுக்கலாமா, வேண்டாமா என்று கேட்டீர்கள். இன்றைய நிலையில், இந்த வீட்டுக்கு, வேண்டாம் என்பதுதான் என் பதில். மூன்று விஷயம் மாறினால் நானும் மாற்றிச் சொல்வேன்: பிரிவு 14 உத்தரவு வங்கி கையில் இருக்க வேண்டும், பாகவழக்கு இல்லை என்று தேடலில் உறுதியாக வேண்டும், இந்தச் சொத்துக்கான கடன் அனுமதிக் கடிதம் வர வேண்டும். இந்த வாரமே அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு மின்னஞ்சலில் கேள்விகளை அனுப்பி, ஒரு நகலைப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். இ.எம்.டி. கட்டக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு வரை எழுத்தில் பதில் வரவில்லை என்றால் இந்த ஏலத்தில் சேராதீர்கள். அதே தளத்தில் 'பிசிகல் பொசஷன்' என்று போட்ட சொத்துகளைத் தனியாகத் தேடலாம். திருப்பூர், கோவை இரண்டு மாவட்டத்துக்கும் தேடிப் பார்த்து, பிடித்ததாக ஒன்று கிடைத்தால் அதன் விற்பனை அறிவிப்பையும் வில்லங்கத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.